நிறுத்தச் சொன்ன கை

விளம்பரம் மொத்தமே ஒரு நிமிடம்தான். மலைப்பாதை, கொடி, பள்ளிக் குழந்தைகள், கடைசியில் புதுக் கார். நடுவில், கண்ணை மூடித் திறப்பதற்குள், நீலச் சட்டை போட்ட ஒரு பெண் முஷ்டியை உயர்த்துவாள். "இது நம் மண்ணின் வண்டி" என்று ஒரு கனத்த குரல் முழங்கும்.

அந்த முஷ்டிதான் வினையாகிப் போனது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? தொழிலாளி அரசாங்கத்துக்கு எதிராகக் கையை ஓங்கிவிட்டாள் என்று எதிர்க்கட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். கொடி பறக்கிற இடத்தில் இடக்கை முஷ்டியா, இது சதி என்று ஆளுங்கட்சிக்காரர்கள் கொதித்தார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற ஒரு மேதாவி, காரின் நிறத்தையும் தேர்தல் தேதியையும் சேர்த்து வைத்து டிவியில் வெகுநேரம் பேசினார். அந்தக் காரை வாங்கலாமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கையின் சொந்தக்காரி கார் தொழிற்சாலையில் கிரேனுக்குச் சைகை காட்டுகிறவள். எல்லோருக்கும் அவள் சைகையக்கா. மேலே கூண்டில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவர் அவள் கணவர். வீட்டில் "அந்தப் பாலை இறக்குங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் வாங்காத மனிதர், இங்கே அவள் சுண்டுவிரல் அசைந்தால் போதும், எஞ்சினும் சக்கரமும் ஏறாத ஒரு முழுக் கார்க்கூட்டை இறக்குவார். அந்த இரைச்சலில் பேச்சும் எடுபடாது, விசிலும் எடுபடாது. எல்லாம் கைதான்.

முஷ்டியை உயர்த்தினால் 'நில்' என்று பொருள். யார் உயர்த்தினாலும், பார்த்தவர்கள் அவரவர் வேலையை நிறுத்திவிட்டுத் தாங்களும் முஷ்டியை உயர்த்த வேண்டும். முதலில் தூக்கியவர் இறக்கும்வரை மற்றவர்கள் இறக்கக் கூடாது. ஏன், எதற்கு என்பதெல்லாம் அப்புறம்.

படம் எடுத்த அன்று, கார்க்கூடு இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழே விழுந்த ஸ்பானரை எடுக்கிறேன் என்று ஒரு ஃபிட்டர் அதற்கு நேர் அடியில் போய்விட்டார். அவள் முஷ்டியை உயர்த்தினாள். கூடு அவர் முதுகுக்கு ஒரு முழம் மேலே நின்றது. கேமராவில் அவர் விழவில்லை, அவள் மட்டும் விழுந்தாள். விளம்பரத்தில் எல்லாம் ஒரே பக்கமாகப் போனால்தான் அழகு என்று, படத்தை வெட்டி ஒட்டியவர் அந்தக் காட்சியைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுவிட்டார். அவள் வலக்கை இடக்கையானது இப்படித்தான்.

மேனேஜர் கணவன் மனைவி இருவரையும் கூப்பிட்டார்.

"தெரியாம கையைத் தூக்கிட்டேன், தப்புதான், மன்னிச்சிடுங்கன்னு கேமரா முன்னாடி ரெண்டு வரி சொல்லிடுங்கம்மா."

"சொல்லலேன்னா?"

"உங்க ரெண்டு பேர் வேலையையும் சேர்த்துத்தான் மேல பேசிட்டிருக்காங்க. இன்னொண்ணு, நாளையிலேருந்து அந்த முஷ்டி வேண்டாம். விசில் அடிங்க."

"அந்தச் சத்தத்துல விசில் யார் காதுல சார் விழும்?"

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."



அன்று சாயங்காலம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவள் சும்மா நின்றிருந்தாள். "ரெண்டு வரிதானே, சொல்லித் தொலையேன்" என்றார் கணவர். "ரெண்டு சம்பளமும் ஒண்ணா போச்சுன்னா பொண்ணு படிப்பு என்னாகும்?"

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. ஆனா அந்தக் கை தப்புன்னு நானே சொல்லிட்டா, நாளைக்கு எவன் தூக்குவான்? தூக்கலாமா வேணாமான்னு யோசிப்பான். அவன் யோசிக்கிற நேரத்துல கீழ ஒரு ஆள் போயிடுவான்."

பால் பொங்கி வந்தது. யாரும் சொல்லாமலே அவர் எழுந்து போய் இறக்கினார்.

மறுநாள் தொழிற்சாலைக்குள்ளேயே கேமராவை நிறுத்தினார்கள். பின்னால் வேலை நடந்துகொண்டே இருக்கட்டும், அப்போதுதான் நாட்டுப்பற்று தெரியும் என்றார் விளம்பரக்காரர். அவள் சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். தூணில் புத்தம் புதுக் கொடி. அந்த ஃபிட்டர் தன் மேசையருகே தலை குனிந்து நின்றிருந்தார், ஏதோ குற்றம் தன்னுடையது என்பதுபோல.

"அன்னிக்கு நான் கையைத் தூக்கினது..." என்று ஆரம்பித்தாள். ஃபிட்டரைப் பார்த்தாள். பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"சரிதான். அதோ நிக்கிறாரே, அவர் சாகக் கூடாதுன்னு தூக்கினேன். நாளைக்கும் தூக்குவேன்."

மேனேஜர் பதறியடித்து ஓடிவந்தார். "ஐயோ, கையைத் தூக்கிடாதீங்கம்மா!"

தூக்கினாள். வலக்கை.

முதலில் கிரேன் நின்றது. கூண்டிலிருந்து ஒரு முஷ்டி வெளியே வந்தது. அடுத்தது ஃபிட்டருடையது. பிறகு வெல்டர்கள், பெயின்டர்கள், கடைசி வரிசையில் சக்கரம் மாட்டுகிறவர்கள். இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கி, அந்தக் கூடத்தில் அவள் இதுவரை கேட்டிராத அமைதி வந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"இறக்கச் சொல்லுங்கம்மா, எல்லாரையும்" என்று கெஞ்சினார் மேனேஜர்.

"முஷ்டி வேண்டாம்னு சொன்னீங்களே, அதை வாபஸ் வாங்குங்க. இறக்கறேன்."

விளம்பரக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, இதுல அரசியல் ஒண்ணும் இல்லையே?"

தோள் வலித்தது. அவள் கையை இறக்கவில்லை.

"நேத்து வரைக்கும் இல்லைங்க" என்றாள்.