ஜெனரேட்டர் வண்டி போன பிறகு

கீ... கீ... கீ...

கேரவனுக்குள்ளிருந்து அலறல் கேட்டதும் அப்துல் கய்யூம் டீ கிளாஸை அப்படியே மதில்மேல் வைத்துவிட்டு ஓடினான்.

உள்ளே பெர்னதெத் அம்மா, பட்டுப்புடவை கசங்காமல் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் காலை ஏழு மணிக்குப் போட்ட மேக்கப். மடியில் வசனத் தாள். மூன்று வருஷமாக யாரும் கூப்பிடாமல் இருந்து, இப்போது கிடைத்த ஒரே ஒரு சீன்.

"என்னப்பா, வெடிச்சிடுமா?"

"அதெல்லாம் இல்லம்மா. இன்வெர்ட்டர் கத்துது. பேட்டரி எறங்கிடுச்சு."

அந்த சீன் இல்லை என்பது கய்யூமுக்கு இரண்டு மணிக்கே தெரியும். லஸ் பக்கத்து பங்களாவில் இன்றைய ஷூட்டிங் முடிந்தது என்று பேக்கப் சொல்லி, ஜெனரேட்டர் வண்டி கேபிளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. "அந்தம்மா சீன் கட்டு. நீயே பக்குவமா சொல்லி, சாந்தோம்ல அவங்க வூட்டாண்ட எறக்கி வுட்டுடு" என்று சொல்லிவிட்டு மேனேஜர் பைக்கை உதைத்தார். கேரவன் ஓட்டுகிறவன் சொல்கிற விஷயமா இது? இரண்டு தடவை படியேறினான். இரண்டு தடவையும் "ஃபேன் ஓடுதாம்மா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

"பேட்டரி எங்கே இருக்கு?"

"நீங்க குந்திக்கினு கீற சோபாவுக்குக் கீழதான்."

"ஐயோ மாதாவே!" சட்டென்று எழுந்துவிட்டாள்.

"குந்தும்மா, பன்னெண்டு வோல்ட்டுதான். கடிக்காது."

"சரி, ஏசி மட்டும் ஏன் முதல்லயே நின்னுது?"

"ஏசி பேட்டரியில ஓடாது. வுட்டா அரை மணியில எல்லாத்தையும் உறிஞ்சிடும். அதுக்கு வெளி கரண்ட்டு..." நாக்கைக் கடித்துக்கொண்டான். வெளி கரண்ட் தந்த ஜெனரேட்டர் வண்டி எங்கே என்று கேட்டால்?

அவள் அதைக் கேட்கவில்லை. "கூரை மேல சோலார் இருக்கே?"

"மரத்தடியில நிறுத்திட்டேனே. போன் சார்ஜுக்கே பத்தாது."

"அப்போ இந்த பேட்டரி செத்தா வண்டி கிளம்பாதா?"

"கிளம்பும். இன்ஜினுக்கு வேற பேட்டரி. உள்ள லைட்டு, ஃபேனு எல்லாம் அணைஞ்சாலும் அதுல கை வைக்காது."

"ரெண்டும் பேசிக்கவே பேசிக்காதா?"

"வண்டி ஓடச்சொல்லோ மட்டும் அது இதுக்குக் கொஞ்சம் குடுக்கும். மத்த நேரத்துல பாகம் பிரிச்ச அண்ணன் தம்பி மாதிரி."

பெர்னதெத் அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு வசனத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தை நீட்டினாள். "இதுல வரைஞ்சு காட்டு. கரண்ட் முதல்ல எங்கே வருது?"

கய்யூம் கட்டம் கட்டமாக வரைந்தான். வெளி கரண்ட் வந்தால் ஏசி ஓடும், பேட்டரியும் ஏறும். அது நின்ற நொடியே இன்வெர்ட்டர் பெட்டி பேட்டரிக்கு மாற்றிவிடும். லைட், ஃபேன், பிளக் மட்டும் ஓடும். அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். சொன்னான். வெளியே மதில்மேல் டீ ஆறிப் போயிருக்கும்.

அலறல் நின்றது. லைட் அணைந்தது. ஃபேன் இரண்டு சுற்று சும்மா சுற்றி ஓய்ந்தது. திறந்த கதவு வழியாக வந்த சாயங்கால வெளிச்சம் மட்டும் மிச்சம்.

"அம்மா... ஒண்ணு சொல்லணும்."

அவள் கைக்குட்டையை எடுத்து உதட்டுச் சாயத்தைத் துடைத்தாள்.

"ஏசி நின்னப்பவே பேக்கப்னு தெரிஞ்சுடுச்சு கய்யூம்; வீட்டுக்குப் போனா எங்கூட இவ்வளவு நேரம் பேச யாரு இருக்கா?"