கன்றுக்காக வெட்டிய கம்பி

வேலியை வெட்டியது யாரென்று தெரியாத காலையில்தான் மாட்டுக்காரக்கா காவல் நிலையத்தில் அப்படிக் கத்தினாள்.

"எவனா இருந்தாலும் கம்பி எண்ணணும் சார்! விடாதீங்க!"

ஆத்திரம் வராதா? வெட்டிய இடம் வழியாக மாடுகள் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டன. லாரி மோதி மூன்று பசுக்கள் செத்தன. லாரிக்காரருக்கு ஒரு கால் போயிற்று.

புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், வாசலில் பால் வண்டிக்காரன், பேயறைந்த முகத்தோடு.

"அக்கா, நான்தான்."

முந்தின சாயங்காலம் கன்று ஒன்று வேலியின் முள்கம்பியில் கழுத்து மாட்டித் துடித்திருக்கிறது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான். கறவை மெஷின் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. வண்டியிலிருந்த குறட்டால் கம்பியை வெட்டிக் கன்றை மீட்டான். பால் கேன் கட்டும் கயிற்றால் வேலியை இழுத்துக் கட்டினான். மாடு முட்டினால் அந்தக் கயிறு எம்மாத்திரம்?

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதாடா?"

"வண்டியில பால் கெட்டுடும்னு ஓடிட்டேன்க்கா. காலையில சொல்லிக்கலாம்னு..."

நிலையத்துக்கு அவளே அழைத்துப் போனாள். புகாரைத் திருப்பிக் கேட்டாள்.

"இது உங்க வீட்டுச் சண்டை இல்லம்மா. கால்நடை வேலியை வெட்டினா ஜெயில்," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்களே வெட்டச் சொல்லியிருந்தா மட்டும்தான் குத்தம் இல்ல."

வழக்கு வரும்வரை அந்த வார்த்தை அவளைத் தூங்கவிடவில்லை.

கோர்ட்டில் கடவுள் பேரைச் சொல்லிச் சத்தியம் செய்தாள். எதிரே பெஞ்சில் லாரிக்காரர் ஊன்றுகோலை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வெட்டச் சொல்லி நீங்க அனுமதி கொடுத்தீங்களா?" என்று கேட்டார் பால் வண்டிக்காரனின் வக்கீல்.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேங்க."

"கேட்டாரா?" என்றார் நீதிபதி.

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஊன்றுகோல் கண்ணில் பட்டது.

"கேக்கலைங்க."

ஒரு வருடம் சிறை.

வராந்தாவில் போலீஸ்காரர்கள் நடுவே அவன் நின்றான். முகத்தில் கோபமில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது.

"அக்கா, கன்னு எப்படியிருக்கு?"

"அதுக்கென்ன? வைக்கோல் போர் மேல ஏறி நிக்குது, தடிக்கழுதை. கட்டிப்போட முடியல."

அவன் சிரித்தான். காவலில் அடைத்த நாளிலிருந்து சிரிக்காதவன். சிரித்தபடியே போலீஸ் வண்டியில் ஏறினான்.

கழுத்துப் புண் புழுத்து அந்தக் கன்று செத்து மாதங்கள் ஆகின்றன. குழி தோண்டியதே அவள்தான்.

உள்ளே ஒரு பொய் சொல்லியிருந்தால் அவன் வீட்டுக்குப் போயிருப்பான். வெளியே சொன்ன பொய்யால் அவனுக்கு ஒரு நாள்கூடக் குறையாது. இருந்தாலும், இதற்காகக் கடவுள் தன்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டார் என்று அவள் நம்பினாள்.

படிக்கட்டில் அவன் மனைவி பையோடு தனியாக இறங்கிக்கொண்டிருந்தாள். மாட்டுக்காரக்கா பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள்.

"பையைக் குடும்மா. நான் தூக்கிட்டு வரேன்."

அவள் கொடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. மாட்டுக்காரக்கா நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, பேருந்து நிறுத்தம்வரை அவள் பின்னாலேயே நடந்தாள்.