அத்தை முறை

“உங்கம்மா எங்கன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவ?”

“செத்துப் போச்சு.”

“சிரிக்காம சொல்லு.”

பட்டாணிக்கு ஒன்பது வயது. இதை ஏதோ விளையாட்டு என்று நினைத்திருந்தாள். பாலத்துக்கு அடியில், தார்ப்பாய் மறைப்புக்குள், மகளின் தலையில் சிக்கெடுத்தபடி அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, ஆறு மாதமாகப் படுத்தே கிடக்கும் அப்பா, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“நான் எங்கன்னு கேட்டா?” என்றார் அப்பா, திரும்பாமலே.

“நீங்களும்தான் இல்ல.”

“சரிதான். பாதி போயாச்சு, மீதியை நீயே முடிச்சுட்ட.”

அம்மா குப்பையில் பாட்டிலும் அட்டையும் பொறுக்குபவள். போன வாரம் சிக்னலில் பேனா விற்றுக்கொண்டிருந்த பட்டாணியின் காலை ஒரு கார் உரசிக் கிழித்துவிட்டுப் போனது. அன்றைக்கே மகளை, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லம் ஒன்றில் சேர்க்கப் போய்க் கேட்டாள். யாரும் இல்லாத பிள்ளைகளை மட்டும்தான் எடுப்போம் என்று காவலாளி திருப்பி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது முறை போனபோது, அலுவலகத்தில் பட்டாணி சிரிக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னாள்.

“நீங்க யாரும்மா?” என்றார் செயலாளர்.

“தூரத்து அத்தை முறைங்க.”

தாயும் தகப்பனும் இறந்துவிட்டதாக எழுதிய தாளில் அம்மா கைநாட்டு வைத்தாள்.

மாதம் ஒரு ஞாயிறு பார்க்க விட்டார்கள். முதல் மாதம் பட்டாணி காதோரமாக மட்டும் “அம்மா” என்றாள். மூன்றாம் மாதம் அதுவும் நின்றது. பக்கத்துக் கட்டில் பெண்கள் கேட்டுவிட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம். வயிறாரச் சாப்பாடு, சீருடை, படிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் தூக்கத்தில் படுக்கையை நனைக்கிறாள் என்று வார்டன் அந்த ‘அத்தை’யிடம் புகார் சொன்னாள்.

இல்லத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் ஒருத்தி தெருவோரப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்காகப் பாலத்தடிக்குப் போனாள். படுத்திருந்த மனிதர் அவளைப் பார்த்துக் கேட்டார்:

“அந்த இல்லத்துலேர்ந்தா வரீங்க? எம் பொண்ணுக்குக் கால் ஆறிடுச்சாம்மா?”

அவள் இன்னும் சில இடங்களிலும் விசாரித்துவிட்டு, பெயர்களைச் சொல்லாமல் செயலாளரிடம் பேசினாள். “சார், இங்க இருக்கிற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு அப்பா அம்மா இருக்காங்க. அவங்களுக்கு ஒரு வேலையும் ஒரு ரூமும் பாத்துக் கொடுத்தா, பிள்ளைங்க வீட்டுலேர்ந்தே படிக்கும்.”

“குடும்பத்தையே தூக்கிச் சுமக்கிறதுக்கா இல்லம் நடத்துறோம்? அனாதைன்னாதாம்மா நாலு பேருக்கு மனசு இளகுது.”

செயலாளர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம்.

புதிதாக வந்த பெண் அதோடு விடவில்லை. விடுமுறை நாட்களில் பட்டாணியின் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டு ஒன்றில் அம்மாவுக்கு வேலை வாங்கித் தந்தாள். தெருவில் கிடந்தவர்களுக்கு அறை இல்லை என்று பத்து வீட்டுக்காரர்கள் கைவிரித்த பிறகு, தன் பெயரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். இதற்கெல்லாம் பதினாலு மாதம் பிடித்தது.

அம்மா மகளைக் கூட்டிவரப் போய், தான்தான் தாய் என்று சொன்னாள். செயலாளர் பழைய தாளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“தாய் செத்துட்டாங்கன்னு நீங்களே கைநாட்டு வச்சிருக்கீங்களே.”

“ஆமாங்க. சாகணும்னு சொன்னீங்க, செத்தேன். இப்ப எம் பொண்ணைக் கொடுங்க.”

அவர் தாளை மறுபடி கோப்பில் வைத்தார். இரண்டு வாரம் அலைய வைத்துவிட்டுத்தான் அனுப்பினார்கள்.

புது அறையில் பட்டாணி கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், திறந்தாள், மறுபடி போட்டாள். அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பாதிச் சோற்றில் அவளுக்கு விக்கியது.

“அத்தை, தண்ணி.”

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. திருத்திச் சொல்ல வாயெடுத்தவரை அம்மா கண்ணாலேயே தடுத்தாள். தண்ணீரை மொண்டு கொடுத்துவிட்டு, மகளின் உச்சியில் மெல்லத் தட்டினாள். என்ன சொல்ல வேண்டும் என்று பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்ததே போதும் என்று அவளுக்குத் தோன்றியது.