ஐந்தாம் எண் வீடு

அக்கா, விழித்திருக்கிறாயா? இல்லாவிட்டால் காலையில் படி. அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாம் குடியிருக்கும் வீட்டை விட்டு நம்மைக் கிளப்ப நானே வழி பண்ணிவிட்டேன் போலிருக்கிறது.

நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு முதலாளி மாட்டுப் பண்ணையை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டார். கூட்டிப்போய்க் காட்ட ஆள் கிடையாது. வாசலில் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். எண் போட்ட பலகைகளைப் படித்துக்கொண்டே அவரவர் சுற்றி வர வேண்டியதுதான். ஐந்தாம் எண் நம் வீடு. 'பழைய வேலையாட்கள் வீடு. உள்ளே குடும்பம் இருக்கிறது, எட்டிப் பார்க்க வேண்டாம்.' அதைப் படித்ததும் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். போன வாரம் நான் தலை வாரிக்கொண்டிருந்தேன். ஜன்னலில் ஒரு வாண்டு, "அம்மா, இந்தப் பொம்மை அசையுது!" என்று கத்தியது.

அம்மா சிரித்து மாளவில்லை. "அசையுதா? எனக்குக் காமிக்கச் சொல்லு. நான் சொன்னா ஒரு வேலைக்கும் அசைய மாட்டேங்குது."

இன்று புது வரைபடம் வந்திருந்தது. ஐந்தாம் எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: 'விரைவில் உள்ளேயும் பார்க்கலாம்.' அப்படியென்றால் நாம்? அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சாயங்காலக் கறவைக்குப் போனதும், வரைபடத்தை எடுத்துக்கொண்டு நானும் சுற்றக் கிளம்பினேன். நம்மை வேறு எங்கே போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்.

மூன்றாம் எண் தீவனக் கிடங்கு. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூட்டைகளுக்குப் பின்னால் சுவரில் ஒரு வளைவு, அதற்கு மேல் கரி படிந்து கறுப்பாக ஏறிப் போகிறது. அடுப்பு! பக்கத்தில் சாமான் வைக்கிற மாடம். வைக்கோல் போடுகிற இடத்தில் எந்தக் கிறுக்கன் அடுப்பு கட்டுவான்?

நான்காம் எண்ணில் வெறும் பலகைதான். ஒரு காலத்தில் இந்தப் பண்ணை பொலிகாளைகளுக்குப் பெயர் போனதாம். சுற்றுவட்டாரத்துப் பசுக்களையெல்லாம் சினைக்கு இங்கே ஓட்டி வருவார்களாம். 'காளைகளைக் கட்டிய இடம் எது என்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

எனக்குப் பொறி தட்டியது. வீட்டுக்கு ஓடினேன். நம் கதவு நடுவில் இரண்டாக அறுத்தது இல்லையா, மேல் பாதியை மட்டும் திறக்கலாமே? நான் பை மாட்டுகிற இரும்பு வளையம் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது? தரை ஏன் ஒரு பக்கமாகச் சரிந்து சுவரோரக் கால்வாயில் முடிகிறது? வாசலின் பக்கவாட்டு நிலைக்கல்லைத் தடவிப் பார்த்தேன். என் தோள் உயரத்தில் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழப்பு. மனுஷத் தோள் பட்டால் கல் இப்படித் தேயுமா? அக்கா, நாம் இத்தனை வருஷமாகக் காளைக் கொட்டிலில் படுத்திருக்கிறோம்! வேலையாட்கள் வீடு அந்தத் தீவனக் கிடங்கு.

ஒரு நிமிஷம் பயமே மறந்துபோனது. இது வேலையாட்கள் வீடே இல்லை என்றால் இதைக் காட்டவும் மாட்டார்கள், நம்மைக் கிளப்பவும் மாட்டார்கள். இதுதான் என் கணக்கு. நேராக முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தார். வளையத்துக்குப் பக்கத்தில் சாவியால் சுண்ணாம்பைச் சுரண்டினார். உள்ளே கல்லில் கொம்பு கீறிய தடங்கள்.

"அடி சக்கை! ஏ வாலு, உனக்கு மண்டைல மூளைதான் இருக்கு!"

"அப்ப இந்த வீட்டக் காட்ட மாட்டீங்கல்ல?"

"காட்டாமயா? வேலையாளுங்க வீட்ட எவன் பாப்பான்? ஒரு கட்டிலு, ரெண்டு பான, பாத்துட்டுப் போயிட்டே இருப்பான். காளைக் கொட்டில்னா நின்னு போட்டோ எடுப்பான்! அடுத்த மாசமே தொறந்துடலாம்."

"நாங்க எங்க போறது?"

அவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். "அதுவா... பாத்துக்கலாம்."

அந்தப் 'பாத்துக்கலாம்'தான் இன்னும் காதில் நிற்கிறது. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி—

இரு, அம்மா கூப்பிடுகிறாள்.

அக்கா, அம்மா தூங்கவே இல்லை. "யாருக்குடி எழுதுற, பெரியவளுக்கா? போர்வைக்குள்ள வெளிச்சம் அடிக்குது," என்றாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும். கறவைல இருக்கும்போதே அந்தாளு வந்து சொல்லிட்டாரு. உன்னப் பத்தி ஒரே பெருமை."

"நீ என்னம்மா சொன்ன?"

"என்னத்தச் சொல்றது. கையில மடி இருக்கு, எழுந்திரிக்கவா முடியும்? ஒரு மாட்ட எடம் மாத்துனா, புதுக் கொட்டிலக் கழுவி, தண்ணி வெச்சு, அப்புறம்தானே கயித்த அவுப்பீங்க, எங்களுக்கும் அதே மாதிரி செய்ங்கன்னேன்."

"அய்யோ! திட்டினாரா?"

"தலையச் சொறிஞ்சாரு. தீவனக் கிடங்குல அடுப்பு இருக்காமே, அதக் குடுங்கன்னேன். மூட்டையெல்லாம் எங்க வெக்கறதுன்னாரு. அது உங்க பாடுன்னேன்."

"குடுத்துட்டாரா?"

"வீட்டக் குடுக்கல. சாவியக் குடுத்திருக்காரு. மழைக்கு ஒழுகுமா, பொகை போகுமான்னு நாளைக்குப் பாத்துட்டு வந்து பேசுன்னாரு. நீயும் வா. எலி இருக்கும், அப்புறம் கத்தக் கூடாது."

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். விடிவதற்குள் கறவைக்கு எழ வேண்டுமே. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவர் மனசு மாறிவிட்டால்? கூரை ஒழுகினால்? ஆனால் அந்தக் கரி எவ்வளவு உயரம் ஏறிப்போகிறது என்று உள்ளே நின்று பார்க்கவும் ஆசையாக இருக்கிறது.

சனிக்கிழமை வரும்போது பழைய துணியாகப் போட்டுக்கொண்டு வா. எப்படியும் மூட்டை தூக்க வேண்டியிருக்கும்.