கரடிக் கடைப் போர்டு

முள்ளுக்குறிச்சிக்கு மோட்டார் பஸ் வர ஆரம்பித்த இரண்டே வருஷத்தில் கடைவீதி அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. மூன்று கடை இருந்த இடத்தில் பதினேழு கடை. ஓலை போய் ஓடு வந்தது. ஓடு வந்த கையோடு எல்லோருக்கும் போர்டு வேண்டியிருந்தது. போர்டு எழுத அங்கே இருந்தவர் அர்த்தனாரி ஒருவர்தான்.

சேலத்து அச்சாபீஸ் ஒன்றில் எழுத்து வரையப் பழகியவர் அவர். மனைவி ராமாயியின் ஊர் என்பதால் இங்கே வந்து தங்கிவிட்டார். எழுத்துக்கும் உடம்பு உண்டு, நடை உண்டு என்பார். கடைவீதிக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மிளகையும் சாமையையும் சுமந்துகொண்டு மலையிறங்கி வருகிறவர்கள், எழுத்துப் படிக்காதவர்கள் என்பது மட்டும் அவர் யோசனைக்கு வரவே இல்லை.

ஜாபர் அலியின் மிளகு மண்டிக்குப் போர்டு எழுதியபோது ‘ஜா’வுக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தால், பலகையின் ஓரத்தில் ஒரு கணு பெயிண்டைக் குடித்துவிட்டுக் கறுப்பாகத் தெரிந்தது. அதை மறைக்க அரை மணி நேரத்தில் ஒரு கரடியைப் போட்டுவிட்டார்.

“கரடி எதுக்குங்க?” என்றார் ஜாபர் அலி.

“அத உடுங்க பாய். எழுத்தப் பாருங்க.”

ஜாபர் அலி எழுத்தைப் பார்த்தார். மலைக்காரர்கள் கரடியைப் பார்த்தார்கள். ஆறே மாதத்தில் மலைமேல் திண்ணனூர் நாடு வரைக்கும் அது ‘கரடிக் கடை’ ஆகிவிட்டது. மூட்டைகள் வந்து குவிந்தன. அதைப் பார்த்த மற்றக் கடைக்காரர்கள் அர்த்தனாரியைத் தேடி வந்தார்கள்.

“எழுத்து வேண்டாங்க. கிளி ஒண்ணு போட்டுக் குடுங்க, போதும்” என்றார் ஜவுளிக்கடைக்காரர். சேவல், யானை, மீன் என்று வீதி முழுக்க நிறைந்தது. அர்த்தனாரிக்குச் சோறு இறங்கவில்லை.

“கேக்கறதப் போட்டுக் குடுக்கறதுக்கு உங்களுக்கு என்னங்க?” என்றாள் ராமாயி.

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஜாபர் அலியின் மகள் மஹ்மூதா பீவியைப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வழி கேட்டதற்குக் கண்டக்டர், “ஓ, கரடி பாய் ஊடுங்களா?” என்று சத்தமாகக் கேட்டிருக்கிறார். வந்தவர்கள் டீ குடிக்கும்போதும் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்தார்கள்.

அவர்கள் போனதும் ஜாபர் அலியின் மனைவி ஜீனத் பீவி அவரிடம், “அந்தக் கரடி எறங்கற வரைக்கும் இந்த ஊட்டுல அடுப்பு எரியாதுங்க” என்றாள்.

ஜாபர் அலி அன்றைக்கே ஓடி வந்தார். “படமே வேண்டாங்க. வெறும் எழுத்து. மதிப்பா இருக்கோணும்.”

அர்த்தனாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மாதம் வேலை செய்தார். வாழ்நாளில் அப்படி ஒரு போர்டை அவர் எழுதியதில்லை. சந்தையன்று காலையில் அதை மாட்டிவிட்டு, வருகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே அடியில் நின்றுகொண்டார்.

முதலில் வந்தவர் சென்றாயன். மலையிலிருந்து மிளகு மூட்டையோடு வந்தவர்.

“ஏனுங்க சாமி, கரடிக் கடை எங்கீங்க?”

“நீங்க நிக்கற எடந்தான். மேல பாருங்க.”

சென்றாயன் வெகுநேரம் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குதுங்க. கரடி எங்கீங்க?”

“கரடி இல்லீங்க. பேரு எழுதியிருக்குது.”

தன்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று சென்றாயன் நினைத்துக்கொண்டார். சுற்றிலும் பார்த்தவர் முகம் மலர்ந்தது. “அதோ இருக்குதுங்களே!” என்று எதிர்ப்பக்கம் நடந்தார்.

எதிரே குப்புசாமியின் மண்டி. கழற்றிப் போட்ட பழைய பலகையை அலமாரிக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனவர், எழுத்தையெல்லாம் இழைப்புளியால் இழைத்துத் தள்ளிவிட்டுக் கரடியை மட்டும் வைத்து மாட்டியிருந்தார். அன்றைக்கு மலையிலிருந்து வந்த மூட்டையெல்லாம் அங்கேதான் இறங்கியது.

மூன்றாவது சந்தையன்று ஜாபர் அலி வந்து நின்றார். “ஏனுங்க, அந்தக் கரடிய மறுபடி போட்டுருங்க. ஊட்டுல நான் பேசிக்கறேன்.”

இந்த முறை அர்த்தனாரி அளவெடுத்து, கோடு கிழித்து, பத்து நாள் பாடுபட்டுக் கரடி வரைந்தார். கவனம் கூடக்கூடக் கரடி கையை விட்டுப் போனது. காது நீண்டு கொம்பு மாதிரி ஆயிற்று. உடம்பு பெருத்தது. போர்டை மாட்டிய அன்று பெரக்கரை நாட்டுப் பாவாயி அண்ணாந்து பார்த்து, “எருமை நல்லாருக்குதுங்க” என்றாள்.

அடுத்த சந்தைக்குள் அது ‘எருமைக் கடை’ ஆகிவிட்டது. மூட்டைகள் ஜாபர் அலியிடம் திரும்பின. கரடியை விட எருமை ராசியான பிராணி என்று மலையில் பேசிக்கொண்டார்கள். ஜீனத் பீவியும் எருமையாவது பால் கொடுக்குமே என்று சமாதானமானாள்.

அர்த்தனாரிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. பெயிண்ட் டப்பாவோடு ஏணியைச் சாய்த்து ஏறினார். ஜாபர் அலி கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னங்க பண்றீங்க?”

“காத மட்டும் திருத்திடறேன் பாய். கரடியா ஆயிரும்.”

“தொட்டீங்கன்னா உங்களுக்கும் எனக்கும் பேச்சே இல்லீங்க. எறங்குங்க.”

அர்த்தனாரி இறங்கினார்.