தலைகீழ் முடி

பதினெட்டாயிரம் யென் கொடுத்து ஒரு தூரிகை வாங்கிக் கன்னத்தில் பவுடர் பூசிக்கொள்கிறவர்களுக்குக் கொஞ்சம் மூளை பிசகியிருக்கும் என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்தேன். இத்தனைக்கும் அந்தத் தூரிகையைச் செய்கிறவளே நான்தான். குமானோவில் ஜின்னாய் பட்டறையில் வேலை. பெயர் கினுயோ, வயது ஐம்பத்து நான்கு, வாய் கொஞ்சம் நீளம்.

என் வேலை தலைகீழ் முடி எடுப்பது. ஆட்டு முடிக்கு ஒரு பக்கம் வேர், மறுபக்கம் நுனி. நுனி மெலிந்து மெலிந்து இல்லாமலே போய்விடும். வேர்ப்பக்கம் மொட்டை. கற்றையில் ஒரே ஒரு முடி தலைகீழாக நின்றாலும் அந்த மொட்டைப் பக்கம் முகத்தைக் குத்தும். அதனால் கற்றையை இடது கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் நுனிகளை வருடிப் பார்க்க வேண்டும். விரல் காட்டிய இடத்தில் மழுங்கிய கத்தியை வைத்து, கத்திக்கும் விரலுக்கும் நடுவே அந்த முடியைப் பிடித்து உருவ வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கத்தரிக்கோல் எங்கள் அறைக்குள் வரக் கூடாது. நுனியை வெட்டி உருண்டையாக்கிய தூரிகை வேண்டுமானால் மருந்துக்கடையில் ஆயிரத்தைந்நூறுக்குக் கிடைக்கும், போய் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் எங்கள் அறைக்குள் கூடாது. முகத்திலோ கையிலோ கிரீம், பவுடர் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பசை முடியில் ஏறினால் போச்சு. ஆக, ஊரெல்லாம் அலங்காரம் செய்துகொள்ளத் தூரிகை செய்யும் நாங்கள் ஏழு பேரும் கழுவித் துடைத்த முகத்தோடுதான் உட்கார்ந்திருப்போம். செய்த தூரிகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தவர் எங்களில் ஒருவர்கூட இல்லை. எதற்கு? விரல்தான் இருக்கிறதே.

அந்த விரல்தான் பிப்ரவரியில் என்னைக் கைவிட்டது.

முதலில் குளிர் என்று நினைத்தேன். ஏப்ரலில் செர்ரி பூத்து உதிர்ந்த பிறகும் கட்டைவிரல் மரத்தே கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. கை தன் பழக்கத்தில் போய்வந்தது, கத்தி தன் பழக்கத்தில் ஏறி இறங்கியது, பார்க்கிறவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எடுத்த முடிகளைப் போடும் தாளில் மட்டும் நாளுக்கு நாள் முடி குறைந்துகொண்டே வந்தது. இந்த முறை நல்ல சரக்கு வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, முதலாளி ஜின்னாய் ஒரு தூரிகையும் ஒரு கடிதமுமாக அறைக்குள் வந்தார். என்னைவிட ஆறு வயது சின்னவர். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அன்று காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"ஓனோமிச்சியிலேர்ந்து ஹீராகிசான் திருப்பி அனுப்பியிருக்காங்க. கல்யாணப் பொண்ணுங்களுக்கு அலங்காரம் பண்ற அம்மா. ஒன்பது வருஷமா நம்மகிட்டதான் வாங்குறாங்க" என்றார். பிறகு கடிதத்தைப் படித்தார். "'புதுத் தூரிகை மணப்பெண்ணின் கன்னத்தில் குத்தியது. படம் எடுக்கும் நேரத்தில் சிவப்புக் கோடு. நான் இத்தனை விலை கொடுப்பதே யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியிராது என்றுதான். வியாழக்கிழமை நேரில் வருகிறேன்.'"

எங்கள் பெட்டி ஒவ்வொன்றிலும் முடி எடுத்தவரின் முத்திரை குத்திய துண்டுத் தாள் இருக்கும். ஆகவே அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. தூரிகையை மேஜைமேல் வைத்து, "எல்லாரும் ஒரு தடவை பாருங்க" என்றார்.

என் இடம் ஓரத்தில் என்பதால் முதலில் என் கைக்கு வந்தது. வருடினேன். பஞ்சைத் தொட்டாலும் கல்லைத் தொட்டாலும் ஒன்றாகவே இருந்த விரல் அது. "ஆமா, ஒண்ணு இருக்கு" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்த தொமிகோவிடம் நீட்டினேன்.

தொமிகோ கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "ஒண்ணா? மூணு இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். சொல்லியிருக்க வேண்டாமே என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது.

மதியம் சோற்று உருண்டையும் கீரை ஊறுகாயுமாகப் பின்கட்டில் உட்கார்ந்தோம். தொமிகோ மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் ஊறுகாயை மென்றபடி உம் கொட்டினேன். திடீரென்று பேச்சை நிறுத்தினாள்.

"வலிக்கலையா?"

"எது? உன் மருமக கதையா?"

"அடிப்பாவி, கையப் பாருடி."

பார்த்தேன். பல்குத்தும் குச்சியை என் கட்டைவிரலில் அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு ரத்தம் நின்றது.

"எவ்வளவு நாளா?"

"பிப்ரவரியிலேர்ந்து. குரே ஆஸ்பத்திரியில காட்டினேன். மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்காம். ஆபரேஷன் பண்ணா உணர்ச்சி வரலாமாம், வராமலும் போகலாமாம்."

"முதலாளிகிட்ட சொல்லிடு."

"சொன்னா லேபிள் ஒட்ட உட்கார வச்சுடுவாரு."

"ஒட்டினா என்ன குறைஞ்சிடுவே?"

"அவ்வளவு ஆசையா இருந்தா நீ போய் ஒட்டேன்!"

சத்தம் போட்டுவிட்டு உடனே வெட்கப்பட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. என் அப்பாவால் என்னைப் படிக்க வைக்க முடியவில்லை. தையல் எனக்கு வராது, சமையலும் சுமார்தான். இந்த ஒரு விரலுக்கு மட்டும் ஊரில் ஒரு மதிப்பு இருந்தது. அலமாரியில் என் முத்திரையோடு நாற்பது தூரிகைகள் வேறு காத்திருந்தன. வெள்ளிக்கிழமை கடைக்குப் போக வேண்டியவை. அவற்றில் எத்தனை குத்தும் என்று எனக்குத் தெரியவில்லை.

தொமிகோ தன் உருண்டையில் பாதியைப் பிய்த்து என் டப்பாவில் வைத்தாள். "வியாழன் வரைக்கும் டைம். நீ சொல்லலேன்னா நான் சொல்லுவேன்" என்றாள்.

நான் சொல்லவில்லை. செவ்வாயும் போனது, புதனும் போனது.

வியாழன் காலை பத்து மணி பஸ்ஸில் ஹீராகிசான் வந்து இறங்கினார். அறுபது வயதிருக்கும், குட்டையான உருவம், கையில் எலுமிச்சை கேக் பெட்டி. சண்டைக்கு வந்தாலும் எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஜின்னாய் குனிந்து வணங்கிக் கேக்கை வாங்கிக்கொண்டார். மறுபடி குனிந்தார். அவர் மூன்றாவது தடவை குனிவதற்குள் அந்த அம்மாள் துண்டுத் தாளை நீட்டிவிட்டார்.

"கினுன்னு முத்திரை இருக்கே, அது யாரு?"

"நான்தாங்க. மன்னிக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மன்னிப்பு கிடக்கட்டும். உங்க மூஞ்சில ஒரு பொட்டு பவுடர்கூட இல்லையே. இதை நீங்க எப்பவாவது பூசிப் பார்த்திருக்கீங்களா?"

"இல்லீங்க. இங்க பூசக் கூடாது."

"வீட்டுல?"

"இந்த விலைக்கா?" என்று வாய் முந்திக்கொண்டது. ஜின்னாய் கண்ணை மூடிக்கொண்டார்.

ஹீராகிசான் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. ஒரு நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றார். பையிலிருந்து பழைய தூரிகை ஒன்றை எடுத்தார். பிடியில் சாயம் தேய்ந்திருந்தது. "இது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி வாங்கினது. இதோட பெட்டியிலயும் கினுன்னுதான் இருந்துச்சு. கண்ணை மூடுங்க."

மூடினேன். காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், அவர் கை என் கன்னத்தின்மேல் போய்வந்துகொண்டிருந்தது. தொடுகிறதா, இன்னும் தொடவில்லையா என்று சொல்ல முடியவில்லை. குளித்துவிட்டு வெளியே வரும்போது முகத்தில் படும் ஆவி மாதிரி ஒரு சின்ன வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. இதையா நான் செய்தேன்? இருபத்திரண்டு வருடமாக இதையா, முடி முடி என்று முணுமுணுத்துக்கொண்டு செய்தேன்? எல்லாரும் பார்க்கிறார்களே என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

"இப்ப அலமாரியில இருக்கிறதுல ஒண்ணு குடுங்க" என்றார் ஜின்னாயிடம். என் நாற்பதிலிருந்து ஒன்று வந்தது. அடுத்த கன்னத்தில் வைத்தார்.

"ஆ!" என்றேன்.

"என்ன?"

"குத்துது. நில்லுங்க, கையெடுங்க." தூரிகையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். மரியாதை எல்லாம் மறந்துபோயிற்று. கண்ணை மூடி, கன்னத்தில் வைத்து, மெல்லச் சுழற்றினேன். விரல் நுனியில் எப்போதோ கேட்ட அதே சேதி, அதைவிடத் தெளிவாக, கண்ணுக்குக் கீழே கேட்டது. ஒன்று இங்கே, ஓரத்தில். இன்னொன்று நடுவில். தொமிகோ கேட்காமலே என் கத்தியைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். இடத்தைக் கன்னம் காட்டியது, கத்தியையும் விரலையும் அங்கே கொண்டுபோய் உருவினேன். இரண்டும் வந்தன. மேஜையில் வெள்ளைத் தாள்மேல் வைத்தேன். இரண்டுக்கும் நுனியில் மொட்டை வேர்.

ஜின்னாய் அந்த முடிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "கினுயோசான், இதை விரலாலயே பார்த்திருக்கலாமே?"

அதற்குமேல் மறைக்க முடியாது. "விரல் செத்துப்போச்சுங்க. பிப்ரவரியிலேர்ந்து. சொல்லாம மறைச்சுட்டேன். அந்தப் பொண்ணோட கன்னத்துல கோடு விழுந்தது என்னாலதான்" என்றேன். இந்த முறை நான் ஹீராகிசானைப் பார்த்துக் குனிந்தபோது அது சடங்குக்காக இல்லை.

"நாலு மாசமா! சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" ஜின்னாயின் குரல் உயர்ந்திருந்தது. அப்படியானால் கோபம் இல்லை என்று அர்த்தம். வருத்தம்தான்.

அன்று முழுக்க நாற்பதையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸை விட்டுவிட்டு ஹீராகிசானும் பக்கத்திலேயே உட்கார்ந்து, கேக் தின்றுகொண்டு பார்த்தார். பத்தொன்பது தலைகீழ் முடிகள் கிடைத்தன. சாயங்காலம் என் இரண்டு கன்னமும் தக்காளியாகச் சிவந்திருந்தன. தொமிகோவும் தான் முடித்த தூரிகை ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, தன் விரலுக்குத் தப்பிய ஒரு முடியை அதிலிருந்து எடுத்தாள். அதற்காக அன்று பூரா என்னை முறைத்தாள்.

ஜின்னாய் ஒருவர்தான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சரி. கன்னத்துல பட்டதை எப்படி விக்கிறது? ஒவ்வொண்ணையும் கழுவணும், நிழல்ல தொங்கவிட்டு உலர்த்தணும், மறுபடி சீவணும். முழுசா ஒரு நாள் கூடுது. விலை ஏறிடுமே."

"ஏத்துங்க" என்றார் ஹீராகிசான் வாயில் கேக்கோடு.

"என்னங்க?"

"ஏத்துங்கன்னேன். என்கிட்ட படிக்கிற பன்னெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு வேணும். ஆனா இந்தம்மா கன்னத்துல பட்டுத்தான் வரணும். குத்துச்சுன்னா மறுபடி வருவேன், அப்ப கேக் இருக்காது."

லேபிள் மேஜை எனக்கு வரவில்லை. தூரிகைகளைக் கடைசியாகச் சோதித்து அனுப்ப என்று ஜன்னலோரம் புதிதாக ஓர் இடம் போட்டுக் கொடுத்தார் ஜின்னாய். பக்கத்திலேயே முகம் கழுவ ஒரு தொட்டி. காலையில் நான் ஊறுகாய் தின்றுவிட்டு வரக் கூடாது, தூரிகையில் வாடை ஏறும் என்று ஒரு சட்டமும் வந்தது. அதைப் போட்டவள் தொமிகோ, முதலாளி அல்ல.

கோடைக்கால போனஸ் வந்ததும் ஒரு கன்னத் தூரிகை எடுத்துக்கொண்டு ஜின்னாயின் மேஜைக்குப் போனேன். "சும்மா வச்சுக்கோங்க" என்றார். முடியாது என்றேன். ஏறிய விலை, இருபதாயிரம் யென், முழுதாக வைத்தேன்.

"மூளை பிசகிடுச்சா?" என்றாள் தொமிகோ.

"ஆமாண்டி, நல்லாவே பிசகிடுச்சு."

ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் பூசிக்கொள்கிறேன். பவுடர்கூடத் தேவையில்லை, வெறும் தூரிகையே போதும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் கேட்டார், அதில் என்ன இருக்கிறது என்று. அவர் கன்னத்தில் ஒரு தடவு தடவினேன். பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. தூரிகையைத்தான் கேட்கிறார்.

அக்டோபரில் குரேயில் ஆபரேஷன் நடந்தது. தையல் பிரித்த பிறகும் விரல் மரக்கட்டையாகத்தான் இருந்தது. பொறுக்க வேண்டும், சொல்ல முடியாது என்றார் டாக்டர். கன்னம் இருக்கிறதே என்று நான் வேலைக்குத் திரும்பினேன். அப்போதிருந்து தினமும் மதியம், பேச்சோடு பேச்சாக, நான் பார்க்காத நேரம் பார்த்துத் தொமிகோ என் கட்டைவிரலில் பல்குத்தும் குச்சியை வைப்பாள். நான் பாட்டுக்கு மென்றுகொண்டிருப்பேன். அவளும் குச்சியை டப்பாவில் போட்டு மூடுவாள். நவம்பர் முழுக்க இப்படியே போயிற்று.

டிசம்பர் மூன்றாம் தேதி, மருமகள் வாங்கிய புதுக் குளிர்ப்பெட்டியைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சோற்று உருண்டையை வாயருகே கொண்டுபோனேன்.

"ஆ! குத்துதுடி, சனியனே!"

உருண்டை கீழே விழுந்தது. தொமிகோ என் கையை விடவில்லை. "இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அதற்குள்ளேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"குத்துது" என்றேன். "நல்லா குத்துது. இன்னொரு தடவை குத்து."