மூன்று துடுப்பு

வெண்திரையில் செபநாயகம் வாயைத் திறந்தார். வேறு யாருடையதோ குரல் வந்தது. சென்னைக்காரன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசுகிற குரல். மதியக் காட்சிக்குக் கலரி நிறைய வந்திருந்த குருநகர்ச் சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு நடுவில்தான் செபநாயகமும் இருந்தார்.

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சனத்தைச் சிரிக்க வைத்தவர் அவர். ஐம்பத்தாறாம் ஆண்டு கோயில் பெருநாள் கூத்தில் பபூனாக ஏறியவர், அதன் பிறகு அந்த வேஷத்தை வேறு ஒருவருக்கும் விடவில்லை. பகிடியைச் சொல்லிவிட்டு, வள்ளம் வலிக்கிற கணக்கில் மனதுக்குள் மூன்று துடுப்பு வலிப்பார். மூன்றாவது துடுப்புக்கு முன்னம் சிரிப்பு வந்துவிடும். அது வந்து ஓயும்வரை அடுத்த வார்த்தை கிடையாது. கொழும்பில் வானொலி நாடகத்துக்குக் கூப்பிட்டபோது மைக்குக்கு முன்னாலும் இப்படி நின்று, கருவி பழுதாகிவிட்டதென்று எல்லாரையும் ஓடவிட்டார். அதோடு அந்தப் பிழைப்பு முடிந்தது. இந்தப் படத்தின் படப்பிடிப்பிலும் அதே கதைதான். கமராவுக்கு முன்னால் அவர் சிரிப்புக்காகக் காத்துக்கொண்டு நிற்க, டைரக்டர் தலையில் கை வைத்தார். ஐந்தாம் தடவையும் அப்படியே நின்றதும், போய்த் தொலையட்டும் என்று அந்த இடைவெளியை அப்படியே படத்தில் விட்டுவிட்டார்கள்.

பிறகு குரல் பதிவுக்கு அவரைக் கூப்பிடவேயில்லை. படம் இந்தியாவிலும் ஓடவேணுமாம், உந்தக் குருநகர்த் தமிழ் அங்கே விளங்காதாம். இப்போது அந்த மூன்று துடுப்பு இடைவெளியிலெல்லாம் எவனோ ஒருவன் "ஐயையோ, அம்மாடியோ" என்று அடைத்து வைத்திருந்தான்.

இடைவேளையில் மனைவி பெர்னடெட் பெண்கள் பக்கத்திலிருந்து சோடாப் போத்தலோடு வந்து பக்கத்தில் நின்றாள். படப்பிடிப்புக்கு முன்னம் ஒரு மாதம் அடுப்படியில் இருந்து, எதிரில் நடிப்பவர்களின் வசனத்தை வாசித்து வாசித்து அவரைப் பாடமாக்க வைத்தவள் அவள்.

"உவர் ஆரப்பா, உங்கடை வாய்க்குள்ளை இருந்து கதைக்கிறவர்?"

அவருக்கு முகம் எரிந்தது. பழித்துச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் உண்மையாகவே கேட்டாள்.

"இனித்தான் மீன் விக்கிற கட்டம் வருது. வீட்டை போவமே?" என்றாள்.

"போறதோ? நான் ஏன் போகவேணும்? போறதெண்டா அவன் போகட்டும்."

மணி அடித்தது. திரையில் செபநாயகம் மீன் பெட்டி கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கலரியில் இருந்த செபநாயகம் எழுந்து, வாங்குப் பலகைகளைத் தாண்டிப் போய், திரைக்குக் கீழேயுள்ள சிமெந்துத் திட்டில் ஏறினார். அவருடைய நிழல் சைக்கிளில் விழுந்தது.

கொட்டகை மனேச்சர் சீவரத்தினம் டோர்ச்சோடு ஓடிவந்தார். "ஐசே, இறங்கும்! பொலிசைக் கூப்பிடுவன்!"

"கூப்பிடும். அவையளும் வந்து சிரிக்கட்டும்."

கூத்தில் அவருக்குப் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடுகிற வின்சன்ற் கலரியில் எழும்பினான். "மனேச்சர், அந்தச் சத்தத்தை நிப்பாட்டும்! அண்ணை கதைக்கட்டும்!"

பிறகு வாங்கு தட்டுகிற சத்தம்தான். மீன்காரர், வலைக்காரர், சந்தைப் பெண்கள் என்று எல்லாரும் தட்டினார்கள். படம் ஓட்டுகிற மெசின் அறையில் இருந்தவனும் குருநகர் ஆள்தான். குரல் பட்டென்று நின்றது. படம் மட்டும் ஓடியது.

திரையில் ஒரு பெண் மீனின் செவுளை விரித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். எப்போது பிடித்த மீன் என்று அவள் கேட்பது முகத்திலேயே தெரிந்தது. திரைச் செபநாயகம் வாயைத் திறந்தார். அதே கணத்தில் திட்டில் நின்றவரும் திறந்தார்.

"அக்கா, விடியத்தான் செத்தது. பாவம், இன்னும் துக்கத்திலை கிடக்கு. ஒண்டும் கேக்காதேங்கோ, கதைக்காது."

திரையிலிருந்தவர் பேசாமல் நின்றார். இவரும் நின்றார். ஒரு துடுப்பு. ஒன்றுமில்லை. இரண்டு துடுப்பு. வராவிட்டால் என்ன, நிற்பேன், விளக்கைப் போட்டு இழுத்துக்கொண்டு போகும்வரை நிற்பேன் என்று காலை அகட்டி ஊன்றினார்.

மூன்றாவது துடுப்பு விழ முன்னம் கலரி வெடித்தது. மனேச்சரின் டோர்ச் வெளிச்சம் குலுங்கியது. அந்த மனிசனும் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு ஓய, திரையில் அந்தப் பெண் இடுப்பில் கையை வைத்து வாயைத் திறந்தாள். சத்தமில்லை. இதை அவர் யோசிக்கவேயில்லை. அவருக்கு அவருடைய வசனம் மட்டும்தான் தெரியும். வெறும் வாய் திரை முழுக்க அசைந்தது. கொட்டகை முழுக்க அவரைப் பார்த்தது.

பெண்கள் பக்கத்து இருட்டுக்குள் இருந்து, அடுப்படியில் கேட்ட அதே குரல் வந்தது.

"விடியச் செத்த மீன், செத்து எட்டாம் நாள் மாதிரி ஏனப்பா மணக்குது?"

பெர்னடெட் எழுந்து நின்றாள், கையில் சோடாப் போத்தலோடு. அவர் அவளையே பார்த்தபடி துடுப்பு எண்ணத் தொடங்கினார். ஒன்றைத் தாண்டவில்லை, கொட்டகை சிரித்தது.